காப்பு அவிழாத ஊர்

அந்த நகரத்துக்குப் போகிற விமானங்கள் எல்லாம் இறங்குவதற்கு முன்னால் ஒருமுறை இடதுபக்கமாகச் சாயும். அப்படிச் சாயும்போது இடதுபக்க ஜன்னலோரம் இருப்பவர்களுக்குக் கருக்கமேடு தெரியும். ஏரி தெரியும், ஏரிக்கரைப் பனைகள் தெரியும், எல்லையம்மன் கோயில் தெரியும், கோயிலுக்கு முன்னால் கூழ் ஊற்றப் போட்ட கீற்றுப் பந்தலும் பந்தலில் செருகிய வேப்பிலை காற்றில் ஆடுவதும்கூடத் தெரியும். அந்த ஊரை இடித்து, ஏரியைத் தூர்த்து, மேலே ஓடுதளம் போட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. தரையில் நின்று பார்த்தால் தார், வானத்திலிருந்து பார்த்தால் ஊர். விமானத்தில் வருகிறவர்கள் இதற்கெல்லாம் அசரவில்லை. அழகான இடமென்றால் ஜன்னலுக்கு வெளியே வரத்தானே செய்யும் என்று போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். இடதுபக்க ஜன்னலுக்குத் தனிக் கட்டணம் வாங்கலாமென்று விமானக் கம்பெனிக்கும் சீக்கிரமே புரிந்துவிட்டது.

கருக்கமேட்டில் பிறந்த சசிரேகாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள், புனேயில் வேலை, ஒவ்வொரு ஆடிக்கும் ரயிலில்தான் அம்மாவைப் பார்க்க வருவாள். இந்த ஆடிக்குக் கம்பெனியே விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தது. பெல்ட்டைச் சரியாக மாட்டியிருக்கிறோமா, தண்ணீர் கேட்டால் காசு கேட்பார்களா, பக்கத்துச் சீட்டுக்காரர் மேல் முழங்கை படுகிறதா என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தவளிடம், நீலச் சட்டை போட்டிருந்த அந்தப் பக்கத்துச் சீட்டுக்காரர் சொன்னார்:

"இறங்கறப்ப ஒரு கிராமம் வரும் பாருங்க. செம்மையா இருக்கும். ஒரு ஆளு வேற இருப்பாரு, நம்மளப் பாத்துக் கை காட்டுவாரு."

விமானம் சாய்ந்தது. அவள் ஏரியைப் பார்த்தாள். ஏரிக்குக் கீழே தன் தெருவைப் பார்த்தாள். ஓடு உடைந்த இடத்தில் சிமென்ட் அட்டை போட்டிருந்த தன் வீட்டைப் பார்த்தாள். பிறகு, தெரு முழுக்க ஆளே இல்லாத அந்த ஊரில், நாற்று நட்ட வயலின் வரப்பில், தோளில் பச்சைத் துண்டோடு நின்றிருந்த தன் அப்பா கன்னியப்பனைப் பார்த்தாள்.

அவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி வெளிப்பக்கமாக வீசினார். விமானம் முழுக்க ஜன்னல்களில் கைகள் எழுந்து பதிலுக்கு ஆடின. ஒரு குழந்தை "டாட்டா அங்கிள்" என்று கத்தியது. சசிரேகாவுக்கு அந்தக் கைவீச்சு நன்றாகத் தெரியும். கதிரில் குருவி இறங்கினாலும் நாற்றில் மாடு இறங்கினாலும் அவர் அப்படித்தான் வீசுவார். போ, போ, இங்கே இறங்காதே என்று அர்த்தம்.

"கொஞ்சம் பின்னால சாய்ஞ்சுக்குறீங்களா? வீடியோ எடுத்துக்கறேன்" என்றார் நீலச் சட்டைக்காரர்.

அவள் சாய்ந்துகொண்டாள். "சாரி" என்றும் சொன்னாள். சக்கரம் அந்த நாற்றுமேல் பட்டு விமானம் குலுங்கி ஓடி நின்று, எல்லோரும் எழுந்து பையை எடுக்கத் தொடங்கிய பிறகும், அந்த 'சாரி' மீன்முள்ளைப்போலத் தொண்டையிலேயே நின்றது.

ஊரைக் காலி செய்த கதையைச் சொல்லாவிட்டால் மேலே சொல்ல முடியாது. கருக்கமேட்டில் ஆடித் திருவிழாவுக்குக் காப்பு கட்டினால், அதாவது பூசாரி மஞ்சள் நூலை அம்மன் கையிலும் தன் கையிலும் கட்டி ஊரின் நான்கு எல்லையையும் சுற்றி வந்துவிட்டால், கூழ் ஊற்றி முடித்துக் காப்பை அவிழ்க்கிறவரை யாரும் எல்லையைத் தாண்டிப் போகக் கூடாது; அந்த நேரத்தில் ஊருக்குள் இருக்கிற விருந்தாளிக்கும் வளையல்காரனுக்கும் அதே சட்டம்தான். அந்த வருஷம் காப்பு கட்டிய மறுநாள், அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தபோது, பேருந்துகளும் போலீசும் மண்தள்ளும் வண்டிகளும் வந்தன. இரண்டு நாள் பொறுங்கள், காப்பை அவிழ்த்துவிட்டு நாங்களே ஏறிக்கொள்கிறோம் என்று ஊரே கெஞ்சியது. நிலம் எடுக்கும் அதிகாரியாக வந்திருந்த மனோகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூழ்ப்பானையோடு பெண்களையும், பம்பை மேளத்தோடு ஆண்களையும், கையில் காப்போடு பூசாரி முனிரத்தினத்தையும் ஏற்றினார்கள். விடியலில் மடை திருப்பப் போன கன்னியப்பன் ஏறவில்லை. அவர் வரட்டும் என்று பேருந்துப் படியில் உட்கார்ந்த அவர் மனைவி பச்சையம்மாவை இரண்டு போலீஸ்காரிகள் தூக்கி உள்ளே வைத்தார்கள். எல்லோரும் ஏறியாயிற்று என்று மனோகரன் மேலே போன் செய்து சொன்னார். அன்றிலிருந்து கன்னியப்பன் செத்தவரும் இல்லை, இருக்கிறவரும் இல்லை, எங்கேயோ ஓடிப்போனவர்.

புதுக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும்; குடித்துவிட்டு வருகிறவர்கள் மட்டுமல்ல, குடிக்காதவர்களும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். சசிரேகா பையைக் கீழே வைக்காமலேயே அம்மாவிடம் சொன்னாள். பச்சையம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"மெலிஞ்சு கீறாரா?"

"மேலேருந்து தெரியலம்மா."

"துண்டு இன்னா நெறம்?"

"பச்சை."

"நான் எடுத்துக் குடுத்ததுதான்." அரிசியை வடித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள், முகம் சிவந்து போயிருந்தது. "இத்தினி வருஷமா ஊர்க்காரி ஒவ்வொருத்தியும் நான் பொட்டு வெச்சா ஒரு மாதிரி பாக்குறா, வெக்காட்டி ஒரு மாதிரி பாக்குறா. இவரு அங்க மடை திருப்பினு கீறாராமா? அதுக்கு மேல ஏரோப்ளேனு எறக்குறாங்களாமா? அவங்க கை வெளங்குமா?"

அழாமல், வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துத் திட்டத் தொடங்கினாள். அந்த நேரம் ஒரு விமானம் போயிற்று, அதையும் திட்டினாள். அடுத்ததையும் திட்டினாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் குடியிருப்பு முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டது.

ஊர் இன்னும் இருக்கிறது என்று கேட்டு ஒருவரும் அப்படியா என்று வாயைப் பிளக்கவில்லை. விமான நிலையத்தில் தள்ளுவண்டி தள்ளுகிற வேலைக்குப் போயிருந்த முனிரத்தினம் தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் போய் வெளிறி, அழுக்கேறி, அந்த நூல் அங்கேயே இருந்தது. அதை அறுத்துப் போடச் சொல்லி மேற்பார்வையாளர் மாதாமாதம் சண்டை போடுவார். முனிரத்தினம் சட்டைக் கையை இழுத்து மறைத்துக்கொள்வார்.

"நான் காப்ப அவுக்கவேயில்லியே. அவுக்காத ஊரு எப்படிப் போவும்? தெனம் அதும்மேலதான் வண்டி தள்ளினு கீறேன், எனக்குத் தெரியல பாரு" என்றார்.

அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்க வேறு விஷயங்கள் இருந்தன. என் முருங்கை நிக்குதா, எங்க வீட்டுத் திண்டுக்கல் பூட்டு தொங்குதா, கதவைச் சாத்தாம வந்துட்டேனே உங்க நைனா சாத்தியிருப்பாரா என்று ஒவ்வொருவராக வந்து சசிரேகாவின் கையைப் பிடித்தார்கள். பொய் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நல்லவளாகியிருப்பாள். அவளுக்கு வரவில்லை. "நான் எங்க நைனாவத்தான் பாத்தேன், உங்க வீட்டப் பாக்கலக்கா" என்றாள். சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு முகம் சுருங்கிப் போவதைப் பார்த்து, இன்னும் ஒரு நொடி சாயாமல் இருந்திருக்கலாமே, அந்த ஆளுக்கு இடம் விடாமல் இருந்திருக்கலாமே என்று கையைப் பிசைந்தாள்.

பிறகு அவர்கள் அதோடு வாழப் பழகினார்கள். விமானம் தலைக்குமேல் தாழ்ந்து போனால், "எறங்கிட்டான் நம்ம தெருவுல" என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை வந்தால், "போடா, உன் வீட்டு மேலதான் எல்லாப் ப்ளேனும் எறங்குது" என்பார்கள். பச்சையம்மா பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டாள். ஒரு தட்டு கூடப் போட்டுச் சோறு வைத்து, அதை எடுத்துப்போய் நிலையத்தின் கம்பி வேலியோரம் வைத்து, காவல்காரன் விரட்டினால் அவனையும் திட்டிவிட்டு வந்தாள்.

சசிரேகா லீவை நீட்டித்தாள். அவள் தூங்கவில்லை. ஒவ்வொரு இரைச்சலுக்கும் அப்பாவின் தலையில் ஒரு சக்கரம் இறங்குவதாக இருந்தது. நாற்று வளர வளர அவர் வயலின் நடுவுக்கு வந்து நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். வரப்பில் நின்று கையை வீசிப் பார்ப்பார், கேட்காவிட்டால் உள்ளே இறங்கிவிடுவார்.

அப்படித்தான் ஆயிற்று. சக்கரங்களில் சேறு வந்தது. ஒரு சக்கரத்தின் இடுக்கிலிருந்து வயல் நண்டு விழுந்து ஓடியது. தார்மேல் இறங்கப்போன விமானி ஒருவர், பச்சைத் துண்டுக்காரர் ஒருவர் தன் மூக்குக்கு நேரே நிற்பதைப் பார்த்து விமானத்தை மறுபடி மேலே தூக்கினார்; அடுத்தவரும் தூக்கினார். விமானங்கள் சுற்றிச் சுற்றி வந்தன. ஜன்னல் மூடிகளை இறக்குங்கள் என்று பயணிகளுக்கு உத்தரவு போட்டார்கள். காட்சிக்கென்று காசு கட்டியவர்கள், காட்சியைக் காட்டு, இல்லையென்றால் காசைக் கொடு என்று சண்டைக்குப் போனார்கள். வரப்பில் நிற்கும் மனிதர் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கடைசியில், நிலையத்துக்கே பெரிய அதிகாரியாகிவிட்டிருந்த மனோகரன், அவிழாத காப்பின் கதை காதுக்கு எட்டி, குடியிருப்புக்கு வந்தார். கூட வந்தவர்கள் கையில் தாம்பாளம்; தாம்பாளத்தில் வாழைப்பழம், வெற்றிலை, அம்மனுக்குப் பட்டுப் புடவை. தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

"எங்கம்மாவுக்கும் அம்மன்னா உயிரு. நடந்தது நடந்துபோச்சு. அந்தக் காப்ப முறைப்படி அவிழ்த்துடுங்க, உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

"அன்னிக்குப் பந்தலண்ட வண்டிய நிறுத்தச் சொல்லிக் கால்ல உழுந்தேனே, அது உன் காலுதானே சாமி?" என்றாள் பச்சையம்மா.

"அது டியூட்டிம்மா."

"இது இன்னா, பூசையா?"

கூட்டம் சிரித்தது. மனோகரனும் சிரித்துவைத்தார். சிரிப்பு அடங்குகிறவரை பொறுத்திருந்து சசிரேகா கேட்டாள். "எல்லாரும் ஏறியாச்சுன்னு போன்ல சொன்னீங்க சார். எங்க நைனா ஏறலையே."

"கூட்டத்துல தெரியலம்மா."

"நாங்க சொன்னோம் சார்."

அவர் முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினார். முனிரத்தினம் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார். காப்பை எல்லைக்குள் நின்றுதான் அவிழ்க்க வேண்டும். ஊர் முழுக்க இருக்க வேண்டும். ஊரோ மேலே இருந்து பார்த்தால்தான் ஊர். ஆகவே மேலே இருந்துதான் இறங்க வேண்டும். சொல்லி முடித்துவிட்டு, "ஊரக் கலைச்ச அதிகாரியும் கூட இருக்கணும்" என்று சேர்த்துக்கொண்டார். அது முறையா, அவர் ஆசையா என்று யாரும் கேட்கவில்லை.

"அவுத்தா உங்க நைனா எங்கடி போவாரு?" பச்சையம்மா மகள் காதில் கேட்டாள்.

"மாமா, எங்க போவாரு?" என்று சசிரேகா பூசாரியைக் கேட்டாள்.

"ஊரு போற எடத்துக்கு" என்றார் முனிரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டு. அவிழ்த்தால் அவரை மறுபடி பார்க்கவே முடியாது. அவிழ்க்காவிட்டால், தூக்காமல் இறங்கிவிடுகிற விமானி ஒருவன் ஒருநாள் வருவான். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல்தான்.

மனோகரன் எழுந்தார். "நீ படிச்ச பொண்ணு. உன் கம்பெனி நமக்கும்தான் வேலை செஞ்சு குடுக்குது, எனக்கு அங்க ஆளுங்களத் தெரியும். நீ கூட இருந்து நல்லபடியா முடிச்சுக் குடு."

வேலையைக் காட்டி மிரட்டுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "சார், ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். நூலு கட்டினபடி இருந்தாதான் அவுக்க முடியும். இத்துப் போயிருந்தா புதுசாத்தான் கட்டணும். கட்டும்போது எல்லைக்குள்ள இருக்கறவங்க, அம்மன் உத்தரவில்லாம வெளிய போக முடியாது. வெளியூர்க்காரங்களுக்கும் அதே சட்டம்."

அவர் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். "சடங்கெல்லாம் நீங்க பாத்துக்குங்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியணும், அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை காலை, பயணிகள் யாரும் இல்லாத ஒரு விமானத்தில் கருக்கமேடு ஏறியது. தேங்காயையும் கற்பூரத்தையும் சோதனைச் சாவடியில் பிடுங்கினார்கள். மனோகரன் சத்தம் போட்டதும் திருப்பிக் கொடுத்தார்கள். கூழ்ப்பானைக்குத் தனிச் சீட்டு கொடுத்துப் பெல்ட் மாட்டினார்கள். பம்பை தலைக்குமேல் அறைக்குள் போக மறுத்தது, மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். தெரிந்த தள்ளுவண்டிக்காரர்கள் கீழே நின்று பார்க்க, முனிரத்தினம் படியேறி, இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தார். விமானம் அவர்களுடைய ஊரிலிருந்தே கிளம்பி, அவர்களுடைய ஊருக்கே இறங்குவதற்காக, வானத்தில் ஒரு சுற்று சுற்றியது.

அது சாய்ந்தபோது எல்லோரும் இடதுபக்கத்துக்கு ஓடினார்கள். விமானம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அப்போது அவர்களுக்குக் கோபம்கூட மறந்துபோயிற்று. என் முருங்கை, என் கிணறு, ஐயோ என் கதவு, சாத்தித்தான் கீது, வெளக்குக்கூட வெச்சிருக்காரு பாரு என்று ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிக் கத்தினார்கள். வாசல்கள் எல்லாம் பெருக்கியிருந்தன. ஒரே ஆள் அத்தனை வீட்டுக்கும் தண்ணீர் தெளித்திருந்தார்.

வயலின் நடுவில் முழங்கால் சேற்றில் நின்ற அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி வெளிப்பக்கமாக வீசினார்.

விமானத்துக்குள் ஒருவரும் கையை ஆட்டவில்லை.

"நம்மளையே வெரட்டறாரு பாருடி" என்றாள் பச்சையம்மா. அத்தனை நாள் அழாதவள் அதற்கு அழுதாள்.

"டைம் ஆச்சு, அவிழ்த்துடுங்க" என்றார் மனோகரன்.

முனிரத்தினம் மணிக்கட்டைச் சசிரேகாவிடம் நீட்டினார். "மொதல்ல பாத்தவ நீதான். நீயே பாத்துச் சொல்லு."

அவள் நூலைத் தொட்டாள். மனோகரன் அவளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, "கொஞ்சம் தள்ளிக்கம்மா, நான் போட்டோ எடுத்துக்கறேன், ரெக்கார்டுக்கு" என்றார். அவள் உடம்பு பழக்கத்தில் பின்னால் சாயப் போயிற்று. சாயவில்லை. தொண்டையில் இத்தனை நாள் நின்றிருந்த முள் அசைந்து மேலே வந்தது. வந்தது அழுகை இல்லை.

"தள்ள மாட்டேன்" என்றாள் முதலில். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "நூலு இத்துப்போச்சு. புதுசா கட்டணும்" என்றாள்.

அவளுக்குப் பொய் வராது. நூல் உண்மையிலேயே இத்துத்தான் போயிருந்தது. தொட்ட இடத்தில் தூசாக உதிர்ந்தது. பச்சையம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த புது நூலை எடுத்து மஞ்சளில் தோய்த்துக் கொடுத்தாள். அவள் எப்போது அதை முடிந்து வைத்தாள் என்று மகளுக்குத் தெரியாது. பம்பை அதிர்ந்தது. சசிரேகா முனிரத்தினத்தின் கையில் காப்பு கட்டி மூன்றாவது முடிச்சை இறுக்கவும், சக்கரம் தரையைத் தொடவும் சரியாக இருந்தது. அது தார் இல்லை. சேற்றில் சறுக்கி, வரப்புகளை ஏறி இறங்கி, விமானம் எல்லையம்மன் கோயில் பந்தலுக்கு முன்னால் மாட்டுவண்டிபோல வந்து நின்றது.

கன்னியப்பன் சேற்றுக்காலோடு வந்தார். மெலிந்துதான் இருந்தார். மனைவியையும் மகளையும் பார்த்து, "இப்பத்தான் வரீங்களா? கீழ்மடை ஒடைஞ்சு கெடக்குது, ஒரு ஆளில்ல" என்றார்.

"ஆளுங்களக் கூட்டினு வரத்தான் போயிருந்தோம்" என்றாள் பச்சையம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டு. "துண்டத் தோச்சியா இல்லியா இத்தினி வருஷமா?"

மனோகரன் அவசரமாக எல்லைக்கல்லைத் தாண்டி நடந்தார். நடந்து, பந்தலுக்கு முன்னால் வந்து நின்றார். மேற்கே நடந்தார்; பந்தலுக்கு வந்தார். ஏரிக்கரை வழியாக ஓடிப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு பந்தலுக்கே வந்தார். போன் அடித்தது. "வந்துடறேன், வந்துடறேன்" என்றார். பெண்கள் அவர் கையில் துடுப்பைக் கொடுத்துக் கூழ் கிண்டச் சொன்னார்கள். "சொல்லித்தான் சார் கூட்டினு வந்தேன்" என்றாள் சசிரேகா. அவர் அவளைப் பார்க்காமல் கிண்டினார்.

கூழ் பொங்கியது. காப்பை எப்போது அவிழ்ப்பது என்று முனிரத்தினத்தைக் கேட்டார்கள். மடை கட்டட்டும், கதிர் அறுக்கட்டும், பார்க்கலாம் என்றார்.

மேலே இரைச்சல் கேட்டது. அடுத்த விமானம் இடதுபக்கமாகச் சாய்ந்து இறங்க வந்தது. கன்னியப்பன் வயலுக்கு ஓடினார். சசிரேகா நல்ல பேன்ட்டோடு, ஷூவோடு, பின்னாலேயே சேற்றில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் அம்மா. அம்மாவுக்குப் பின்னால் ஊர். வயல் முழுக்க நின்று எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி வெளிப்பக்கமாக வீசினார்கள்.

மேலே வரிசையாக ஜன்னல்கள். ஜன்னல்களில் போன்களும் சிரித்த முகங்களும் ஆடுகிற கைகளும். அங்கே யாரோ ஒருத்தி பக்கத்துச் சீட்டுக்காரருக்காகப் பின்னால் சாய்ந்து, "சாரி" என்று சொல்லிக்கொண்டிருப்பாள் என்று சசிரேகா நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்கு மறுபடி உடம்பெல்லாம் கொதித்தது. "எறங்காத! போ!" என்று தொண்டை கிழியக் கத்தி, தோள்பட்டை வலிக்க வலிக்க வீசினாள்.

விமானம் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.